மிச்சம் வைக்க விடாதவள்

என் நாத்தனாருக்கு எச்சில் என்று ஒன்று கிடையாது. யார் வாய் வைத்தது, யார் கடித்தது, யார் விரலால் அளைந்து ஒதுக்கியது என்பதெல்லாம் அவள் மண்டையில் ஏறவே ஏறாது. தட்டில் மிச்சம் இருக்கிறதா, அவள் கை அங்கே போய்விடும். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் நாளே, நான் பாதியில் விட்டு எழுந்த தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அதைப் பார்த்து என் மாமியார் பூரித்துப்போனார். முதல் நாளே எப்படி நல்ல சேதி வரும் என்று அந்த மனுஷிக்குத் தோன்றவில்லை.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரருக்கு அக்கா. நேரில் “அக்கா, நீங்க” என்றுதான் பேசுவேன். எழுதும்போது அவள்தான். ஒரே அடுப்படியில் அத்தனை வருஷம் மல்லுக்கட்டியவளுக்கு அந்த உரிமை உண்டு.

ஏழு பிள்ளைகளில் மூத்தவள். அம்மா சீக்காளி. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு இவள் உட்காரும்போது பாத்திரத்தில் கரண்டி தட்டுகிற சத்தம்தான் கேட்கும். தம்பி தங்கைகள் தட்டில் ஒட்டிக்கொண்டிருப்பது எதுவோ அது இவள் பங்கு. அப்படித்தான் வளர்ந்தாள். கட்டிக்கொண்டவன் லாரி ஓட்டப் போய் ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்தான். குழந்தையும் இல்லை. தம்பி வீட்டுக்கே திரும்பி வந்து, ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கே அவள் வேலை, சாப்பிட்டவர்கள் தட்டை வாங்கி மிச்சத்தை டிரம்மில் தட்டிவிட்டுக் கழுவப் போடுவது. இவள் தட்டிவிட்டாளா? டிரம்முக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, “இதை யாரு திம்பா? போ, உக்காந்து முடிச்சிட்டு வா” என்று ஆளைத் திருப்பி அனுப்பினாள். மானேஜர் தட்டையும் ஒருநாள் திருப்பியிருக்கிறாள். கேன்டீன் முழுக்க அவளுக்கு டோல்கேட் என்று பெயர். அந்தப் பெயர் எங்கள் வீடுவரை வந்து சேர்ந்து, என் பிள்ளையே “டோல்கேட் அத்தை” என்று கூப்பிட்டுத்தான் வளர்ந்தான். அவளுக்கு அதில் கோபம் கிடையாது. பெருமை.

எனக்கு மட்டும் அந்த அருவருப்பு கடைசிவரை போகவில்லை. என் தட்டில் மிச்சம் விழாதபடி அளந்து போட்டுக்கொள்ளப் பழகினேன். அவள் கை என் தட்டுப்பக்கம் வந்தால் தட்டோடு எழுந்துவிடுவேன். “உன் வாயில என்ன விஷமா இருக்கு?” என்பாள். “இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்பேன். இப்படியே எங்கள் காலம் ஓடியது.

என் வீட்டுக்காரர் போனார். வீட்டை விற்றோம். நான் பிள்ளையின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். அங்கே எனக்கே ஒரு கட்டில் போடுகிற இடம்தான். “அத்தைக்கு ஒரு நல்ல இல்லம் பாத்திருக்கேம்மா, அங்க துணைக்கு ஆளுங்க இருப்பாங்க” என்றான் பிள்ளை. டோல்கேட் அன்றே துணியை மடித்து வைத்தாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு துணிப்பை. கிளம்பிவிட்டாள்.

அந்த இல்லம் முன்பு தரைக்கல் விற்கிற கடையாக இருந்தது. மாதிரிக்குப் பதித்த கற்களை அப்படியே விட்டிருந்தார்கள். நான்கு அடி பூப்போட்டது, நான்கு அடி மரக்கட்டை மாதிரி, நான்கு அடி கறுப்பு. பார்வை மங்கிய கிழடுகள் அந்தக் கறுப்புப் பகுதிக்கு வந்தால் பள்ளம் என்று நினைத்துக் காலை எடுத்து வைக்கப் பயந்து நிற்கும். பின்னாலிருந்து ஓர் ஆயா தோளைப் பிடித்துத் தள்ளுவாள். கல்லை மாற்ற வேண்டும் என்று ஒரு ஜென்மத்துக்கும் தோன்றவில்லை. வாசலில் ரோஜா வாசனைத் திரவம் தெளித்திருப்பார்கள். உள்ளே நாலு எட்டு வைத்தால் மூத்திர வாடையும் பினாயிலும் சேர்ந்து மூக்கில் அறையும்.

முன்கூடத்தில் நடமாடுகிறவர்கள். இரும்புக் கதவுக்குப் பின்னால் பின்கட்டு. ஒருமுறை கழிப்பறை என்று நினைத்து அந்தக் கதவைத் திறந்துவிட்டேன். இரண்டு பக்கமும் கம்பி தூக்கிய கட்டில்கள். கையைத் துணிப்பட்டையால் கம்பியோடு கட்டியிருந்தார்கள். யாரும் பார்க்காத டிவியில் யாரோ ஒருத்தி சோப்பு போட்டுக் குளித்துக்கொண்டிருந்தாள். “தண்ணி, தண்ணி” என்று ஒரு குரல். பக்கத்திலேயே ஓர் ஆயா போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுக்கப் போனபோது, “குடுக்காதீங்க, அப்புறம் நனைப்பாங்க” என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் போனைப் பிடுங்கி அந்தத் தண்ணீரிலேயே போட்டிருப்பேன். பின்கட்டுக்குப் போனவர் யாரும் முன்கூடத்துக்குத் திரும்பியதில்லை என்று பிறகு தெரிந்தது.

டோல்கேட்டின் மேஜையில் அவளோடு மூன்று பேர். மேஸ்திரி ஒருவர், ஆயுள் முழுக்கக் கட்டடம் கட்டியவர். கூரையைப் பார்த்துக்கொண்டே, “இந்த மூலையில நீர்க்கசிவு இருக்கு, எழுதி வச்சுக்கோங்க, ஒருநாள் இடியும்” என்று சொல்லிக்கொண்டிருப்பார். அடுத்து பாட்டு டீச்சர். முணுமுணுவென்று பாடிக்கொண்டே இருப்பார். இடையில் யார் இருமினாலும் “சுருதி விலகுது” என்பார். மூன்றாவது ஒரு குள்ளமான அம்மாள். வாய் அப்படி. எல்லாரும் மிளகா என்றுதான் கூப்பிட்டார்கள்.

கூடத்தில் மற்ற மேஜைகளிலெல்லாம் தலைகள் தொங்கிக்கொண்டிருக்கும். இந்த மேஜையில் மட்டும்தான் பேச்சுச் சத்தம். ஆரம்பத்தில் எனக்கு அது நிம்மதியாக இருந்தது. ஆனால் கொஞ்ச நாளில் கூத்து தலைகீழானது. புத்தி பிசகியவர்கள் என்று சேர்த்த மூன்று பேரும் சளசளவென்று பேசிக்கொண்டிருக்க, நல்ல புத்தியோடு வந்த என் நாத்தனார் நடுவில் தலை தொங்கி உட்கார்ந்திருந்தாள். கடைவாயில் எச்சில் வழிந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள். நடை தள்ளாடியது. ஒருநாள் கறுப்புக் கல்லில் விழுந்தும் வைத்தாள்.

தலைமை நர்ஸிடம் கேட்டேன். எப்போது பார்த்தாலும் கையில் கிருமிநாசினியைப் பிழிந்து தேய்த்துக்கொண்டே பேசுகிற பெண்.

“வயசாயிடுச்சில்லம்மா, மூளை சுருங்குது. நாம ஒண்ணும் பண்றதுக்கில்ல.”

“அவங்களுக்கு என்னதான் மாத்திரை குடுக்கறீங்க?”

“பிரஷருக்கு ஒண்ணே ஒண்ணு. வேணும்னா பாத்துக்கோங்க, எங்ககிட்ட ஒளிவு மறைவே கிடையாது.” கையைத் தேய்த்தாள். “வருஷாந்திர மதிப்பீடு வருது. வெளியிலேர்ந்து ஆள் வந்து ஒவ்வொருத்தரா பாத்து நிலை போடுவாங்க. தானா நடந்து தானா சாப்பிட்டா ஒண்ணாவது நிலை. கைத்தாங்கல் வேணும்னா ரெண்டு. படுக்கைன்னா மூணு. உங்க அக்காவுக்கு இந்தத் தடவை மூணுதான் வரும்னு நெனைக்கிறேன். மனசைத் தயார் பண்ணிக்கோங்க.”

மூன்று என்றால் பின்கட்டு. கட்டணமும் கூடும் என்பதை அவள் அவ்வளவு மெதுவாகச் சொன்னாள், ஏதோ துக்கச் செய்தி மாதிரி.

அந்த நேரம் பார்த்து இல்லத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. சொந்தக்காரர் இருக்கிறவர்கள் சில நாள் அழைத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். பிள்ளையிடம் சண்டை போட்டு டோல்கேட்டைக் கூட்டிவந்து என் கட்டிலிலேயே படுக்க வைத்தேன். முதல் இரண்டு நாள் தூக்கம், தூக்கம், தூக்கம். மூன்றாம் நாள் காலையில் ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், சாப்பாட்டு மேஜையில் என் பேரன் ரொட்டியைக் கடித்துவிட்டுப் பாதியை ஒதுக்கியிருக்கிறான். இவள் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள்.

“இதை யாரு திம்பா?”

என் பிள்ளை சிரித்துக்கொண்டே, “டோல்கேட் தொறந்துடுச்சும்மா” என்றான். மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாதி ரொட்டியை டோல்கேட் வாயில் போட்டுக்கொண்டதைப் பார்த்து அவள் முகம் போன போக்கை நானும் பார்த்தேன். அந்த ஒரு விஷயத்தில் நானும் அவளும் ஒரே கட்சி.

அதற்கப்புறம் டோல்கேட் பழைய ஆளாகிவிட்டாள். நடந்தாள், குளித்தாள், நான் துணி மடிக்கிற லட்சணத்தைக் குறை சொன்னாள். சுருங்கிய மூளை மூன்று நாளில் விரியுமா? எனக்குள் ஒரு முள் தைத்தது. என்ன முள் என்றுதான் தெரியவில்லை. அந்த வாரக் கடைசியில் தலைமை நர்ஸ் போன் செய்தாள். குழாய் சரியாகிவிட்டது, மறுநாள் மத்தியானம் மதிப்பீட்டுக்கு ஆள் வருகிறது, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். எனக்கு உள்ளூர ஒரே குஷி. இந்த டோல்கேட்டைப் பார்த்து எவள் மூன்றாம் நிலை போடுவாள், பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம். டோல்கேட் நேரே தன் மேஜைக்குப் போனாள். “வந்துட்டியா? நீ இல்லாம ஒரே போரு” என்றது மிளகா. அவர்கள் மூவரும் அந்த நாட்களில் இல்லத்திலேயே இருந்தவர்கள். குரல் கொஞ்சம் குழறியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டோல்கேட்டின் பிரஷர் மாத்திரைப் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று சமையலறையை ஒட்டின சின்ன அறைக்குப் போனேன்.

அங்கே ஓர் ஆயா ஸ்டூலில் உட்கார்ந்து சின்ன உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தாள். ஏலக்காயாக இருக்கும் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் வெள்ளையும் மஞ்சளும் இளநீலமுமாகப் பொடி. பக்கத்தில் கிண்ணம் கிண்ணமாக மசித்த வாழைப்பழம். ஒவ்வொரு கிண்ணத்திலும் பொடியைத் தூவி அதே கரண்டியால் கிண்டினாள். அடுத்த கிண்ணத்துக்கும் அதே கரண்டி. கழுவலும் இல்லை, துடைக்கலும் இல்லை.

“என்னம்மா இது?”

“மாத்திரைதாம்மா. முழுசா குடுத்தா துப்பிடறாங்க. பழத்துல போட்டா தெரியாது.”

“என்ன மாத்திரை?”

“எல்லாந்தான். சுகரு, பிரஷரு. பெரும்பாலும் அமைதி மாத்திரை. சத்தம் போடாம, சண்டை போடாம இருக்கறதுக்கு.”

“சாப்பிடறவங்களுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா சாப்பிடுவாங்களா?” என்று கேட்டுவிட்டு, நான் ஏதோ பெரிய ஜோக் அடித்ததுபோல் சிரித்தாள்.

“எங்க அக்காவுக்கு?”

“அவங்களுக்கு வெறும் பழந்தாம்மா. மாத்திரையைத் தனியா தண்ணி ஊத்தி முழுங்கிடுவாங்க. சமத்து. அந்த டேபிளே சமத்துதான். மத்த டேபிள்ல பாதி பாதியா மிச்சம் வச்சிடுவாங்க, நாங்கதான் மூக்கைப் பிடிச்சு ஊட்டணும். அங்க மட்டும் நாலு கிண்ணமும் வழிச்சு வச்ச மாதிரி திரும்பி வரும். நாங்க கிட்டயே போறதில்ல.”

நாலு கிண்ணமும் வழித்து வைத்த மாதிரி. யார் வழித்தது என்று எனக்குத் தெரியாதா? ஆயுள் முழுக்க அந்தக் கையைப் பார்த்துக் குமட்டியவள் நான். ஓடினேன்.

முதலில் கலந்த கிண்ணங்களை இன்னோர் ஆயா எனக்கு முன்னாலேயே மேஜைக்குக் கொண்டுபோய்விட்டிருந்தாள். மேஸ்திரி இரண்டு வாய் எடுத்துவிட்டு, “கசக்குது” என்று தள்ளியிருந்தார். டீச்சர் ஓரத்தைச் சுரண்டிவிட்டு நிறுத்திவிட்டார். மிளகா வாயில் வைத்ததைத் திரும்பக் கிண்ணத்திலேயே துப்பியிருந்தது. டோல்கேட் மூன்றையும் தன்பக்கம் இழுத்து வரிசையாக வைத்துக்கொண்டு, கரண்டியை எடுத்துவிட்டாள்.

“அக்கா, தொடாதீங்க!”

“ஏன்?”

“அதுல மாத்திரை கலந்திருக்கு. அவங்க மாத்திரையை நீங்க தின்னுட்டிருக்கீங்க. அதனாலதான் இப்படித் தூங்கி வழிஞ்சீங்க.”

“பழத்துல எவளாவது மாத்திரை போடுவாளா? பைத்தியமா உனக்கு?”

கிண்ணங்களைத் தூக்கிக் குப்பையில் கொட்டப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கேன்டீனில் எவர்சில்வர் தட்டுகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய கை. கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் நடுவில் கிழவிகள் இரண்டு பேரும் மூன்று கிண்ணங்களுக்காக மல்லுக்கட்டினோம். தலைமை நர்ஸ் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். விஷயத்தைக் கத்திச் சொன்னேன்.

“அம்மா, மெதுவா. டாக்டர் எழுதிக் குடுத்ததைத்தான் குடுக்கறோம்.”

“யாருக்கு எழுதிக் குடுத்ததை யாரு திங்கறா?”

“அப்படியே ஒரு வாய் ரெண்டு வாய் போனாலும் அந்தத் துளிக்கு ஒண்ணும் ஆகாது. அது சும்மா லேசான மாத்திரை. நீங்க மதிப்பீடு நேரத்துல கலாட்டா பண்ணாதீங்க.”

“ஒண்ணும் ஆகாதா?”

“ஒண்ணும் ஆகாது.”

“சரி” என்றேன்.

உட்கார்ந்தேன். மேஸ்திரியின் கிண்ணத்தை முதலில் எடுத்தேன். அவர் பல்செட்டில் சிக்கிய சோறு ஒன்று பழத்தின்மேல் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன். கசப்பு நாக்கின் அடியில் போய் உட்கார்ந்தது. டீச்சருடையது கொஞ்சம் பரவாயில்லை. மிளகாவுடையது கொழகொழவென்று நூல் விட்டது. அதை விழுங்கும்போது என் வயிறு தொண்டைவரை வந்து திரும்பிப் போனது. பெற்ற பிள்ளையின் எச்சிலைக்கூடத் தொடாதவள் நான். மூன்றையும் வழித்துத் தின்று, கிண்ணங்களை அந்த நர்ஸ் முன்னால் கவிழ்த்து வைத்தேன்.

“நான் சுகரு பிரஷரு எதுவும் இல்லாதவ. பகல்ல கண்ணே மூடாதவ. இப்படியே உக்காந்திருக்கேன். எனக்கு என்ன ஆகுதுன்னு நீங்களே பாருங்க” என்றேன்.

அவள் பார்க்கவில்லை. வாசலில் கார் வந்த சத்தம் கேட்டு ரோஜா வாசனையைத் தெளிக்க ஓடிவிட்டாள்.

கொஞ்ச நேரம் டோல்கேட்டோடு வாயாடிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. “என் பங்கைத் தின்னுட்டியே” என்று அவள் சொன்னதும், “போதும் சும்மா இருங்க” என்று நான் சொன்னதும். பிறகு கால் பஞ்சு மாதிரி ஆனது. தரைக்கல்லின் பூக்கள் கலங்கின. அதோடு சரி.

விழித்தபோது என் கழுத்தில் ஊட்டுவதற்குக் கட்டுகிற துணி இருந்தது. மார்பெல்லாம் ஈரம். சூரியன் எதிர்ப்பக்கத்து ஜன்னலுக்குப் போயிருந்தது. டோல்கேட் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னாச்சு?”

“நீ தூங்கிட்ட. ஒரு பொண்ணு வந்து உன்னைப் பாத்துட்டுப் போச்சு. டாக்டரம்மா போல. நல்ல பொண்ணு, பொறுமையா எல்லாம் கேட்டுச்சு.”

“என்ன கேட்டுச்சு?”

“நான் மேஜையைத் தொடைச்சு தட்டெல்லாம் எடுத்து வச்சிட்டு இருந்தேன். ‘நீங்க இவங்களுக்கு என்ன வேணும்’னுச்சு. ‘நாத்தனாரு’ன்னேன். உன் தோளைத் தட்டி, ‘இன்னிக்கி என்ன கிழமை’னு கேட்டுச்சு. நீ ‘ம்ம்’ன்ன. ‘எழுந்து நடப்பாங்களா’ன்னுச்சு. ‘எங்க நடக்கறா, இப்படியேதான் கெடக்கா’ன்னேன். ‘தானா சாப்பிடுவாங்களா’ன்னுச்சு. ‘எப்பவும் அளந்துதான் சாப்பிடுவா, இன்னிக்கிதான் என்னமோ அடுத்தவங்க எச்சியெல்லாம் வழிச்சுத் தின்னா’ன்னேன். அதை ரொம்ப நேரம் கைல இருந்த போன்ல தட்டித் தட்டி ஏத்திக்கிச்சு.”

தள்ளாடிக்கொண்டே தலைமை நர்ஸின் அறைக்குப் போனேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. முகத்தில் தெரிந்தது.

“அந்தப் பொண்ணு எங்க அக்காவுக்குப் பதிலா என்னைப் பாத்து நிலை போட்டிருக்கா.”

“ஆமாம்மா, சின்னத் தவறு நடந்திருக்கு. அவங்ககிட்ட இருக்கற போட்டோ ரொம்பப் பழசு. வயசானா முகமெல்லாம் ஒண்ணு மாதிரிதானே இருக்கு.”

“சின்னத் தவறா? எந்த நிலை?”

“மூணு.”

“கூப்பிட்டு மாத்தச் சொல்லுங்க.”

“ஏத்தியாச்சும்மா. மேலேர்ந்து அந்தப் பதிவை அடுத்த வருஷந்தான் திரும்பத் தொறப்பாங்க. பின்கட்டுல கட்டில் ரெடியா இருக்கு.” கிருமிநாசினியைப் பிழிந்தாள். “பாருங்க, அவங்க எப்படியும் அந்த நிலைக்கு வரத்தான போறாங்க. கொஞ்சம் முன்னாடி, அவ்வளவுதான்.”

எதிரே நிற்கிற நான்தான் அந்த மூன்றாம் நிலை. என் காலில் நின்று, என் வாயால் அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவளோ என்னிடமே சாவகாசமாக விளக்கம் சொல்கிறாள். இப்படி ஒரு கேவலத்தை நான் என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. “ஒரு நல்ல ஆளைத் தூங்கவச்சுட்டு, தூங்கறான்னு எழுதிட்டுப் போறதுக்குப் பேரு மதிப்பீடா? த்தூ!” என்று அந்த அறையின் கறுப்புக் கல்லில் துப்பிவிட்டு வந்தேன். துப்பியதில் இன்னும் கசப்பு இருந்தது.

துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, டோல்கேட் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். “பொட்டி?” என்றாள். “அப்புறம் வந்து எடுத்துக்கலாம்” என்றேன். அவள் மேஜைப்பக்கம் திரும்பி, “போயிட்டு வரேன், ஒழுங்கா சாப்பிடுங்க” என்றாள். மேஸ்திரி கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை ஆட்டினார்.

வீட்டில் பிள்ளை, “இடம் எங்கம்மா இருக்கு?” என்று ஆரம்பித்தான். “என் கட்டில்ல பாதி. அதுவும் பத்தலன்னா நானும் அவங்களோட பின்கட்டுக்குப் போறேன். எனக்கும் மூணாவது நிலை போட்டாச்சு” என்றேன். மருமகள் உள்ளே போய்விட்டாள். பிள்ளை இன்னொரு தலையணையைக் கொண்டுவந்து போட்டான். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு படுக்கிறோம்.

பெட்டியை எடுக்க நான் தனியாகத்தான் போனேன். அதற்குள் ஒரு மாதம் ஆகியிருந்தது. கூடத்துக்குள் நுழைந்ததும் ஏதோ குறைவது தெரிந்தது. சத்தம்.

மேஸ்திரியின் தாடை மார்பில் கிடந்தது. கூரையைப் பார்க்கவில்லை. பாட்டு டீச்சர் மேஜையில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தார், கண் பாதி திறந்தபடி. நான் வேண்டுமென்றே பக்கத்தில் நின்று இருமினேன். சுருதி விலகுகிறது என்று யாரும் சொல்லவில்லை. மிளகாவின் கையைப் பிடித்தேன். விரல்கள் என் விரல்களைப் பிடிக்கவில்லை. மூன்று பேர் கழுத்திலும் துணி. மூன்று வாயிலும் பழம் காய்ந்து ஒட்டியிருந்தது. எதிரே மூன்று கிண்ணங்கள், வழித்து வைத்த மாதிரி.

உரல் இடித்த அதே ஆயா வந்தாள்.

“உங்க அக்கா போனதுலேர்ந்து இந்த டேபிள்லயும் மிச்சம் வைக்க ஆரம்பிச்சிட்டாங்கம்மா. கிண்ணம் பாதி பாதியா வந்துச்சு. மேடம் சத்தம் போட்டாங்க. இப்ப நாங்களே உக்காந்து கடைசி சொட்டு வரைக்கும் ஊட்டி முடிச்சிடறோம்.”

பின்னாலிருந்து தலைமை நர்ஸின் குரல் வந்தது. “இப்பதாம்மா இந்த டேபிளும் நல்ல அமைதியா இருக்கு.”

அப்போதுதான் எனக்கு முழுசும் விளங்கியது. அந்தக் கூடத்தில் ஒரே ஒரு மேஜையில் ஏன் பேச்சு இருந்தது என்று. டோல்கேட் மூன்று பேர் தூக்கத்தையும் வாங்கித் தன் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள். தெரிந்து செய்யவில்லை. மிச்சம் அவளுக்கு ஆகாது, அவ்வளவுதான். நான் அவளை மீட்டுக் கூட்டிக்கொண்டு போன அன்றே இந்த மூன்று பேர் கிண்ணத்துக்கும் ஆள் இல்லாமல் போய்விட்டது.

சும்மா வரவில்லை. மேஸ்திரியின் மகளுடைய போன் நம்பரை ஆயாவிடம் வாங்கி அங்கேயே நின்று பேசினேன். “அப்பா வீட்ல இருந்தப்ப ராத்திரி பகல் பேசிட்டே இருப்பாரு ஆன்ட்டி. இப்பதான் நிம்மதியா இருக்காரு. விட்டுடுங்களேன்” என்றாள். டீச்சரின் மகன் எடுக்கவே இல்லை. மிளகாவுக்கு யாருமே கிடையாதாம். மதிப்பீடு அனுப்புகிற அலுவலகத்துக்கும் போய்க் கத்திவிட்டு வந்தேன். அங்கே ஒருத்தர், “நீங்க அந்த இல்லத்துல தங்கியிருக்கீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப அங்க இருக்கறவங்கதான் புகார் குடுக்கணும்” என்றார். இருக்கிறவர்கள் தூங்குகிறார்கள் என்றேன். எழுந்ததும் வரச் சொல்லுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது டோல்கேட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டிரங்குப் பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“எல்லாரையும் பாத்தியா?”

“பாத்தேன்.”

“மேஸ்திரி? டீச்சரு? அந்தக் குள்ளச்சி?”

“எல்லாரும் இருக்காங்க.”

“ஒழுங்கா சாப்பிடறாங்களா? என்ன சொன்னாலும் பாதிதான் திம்பாங்க, பாவிங்க.”

தட்டு போட்டு உட்கார்ந்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை. தட்டை அவள்பக்கம் தள்ளினேன். இத்தனை வருஷத்தில் நானாகத் தள்ளியது அதுதான் முதல் தடவை.

“சாப்பிடறாங்க அக்கா” என்றேன். “இப்பல்லாம் ஒரு சொட்டு மிச்சம் வைக்கறதில்ல.”

“அப்பாடா” என்றாள் டோல்கேட். என் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, சந்தோஷமாக வழிக்க ஆரம்பித்தாள்.